உங்களுக்குத் தெரியுமா? உதிரி பாகங்களில் உருவான மயிலாப்பூர் கேமரா

அசோக் நகர் மொட்டை மாடியில் நின்றபடி தென்னங்கீற்றில் உட்கார்ந்த செம்போத்தை இன்று செல்போனிலேயே படம் பிடித்துவிடலாம். ஆனால் அன்று, மயிலாப்பூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) தன் கேமராவைத் தானே கோத்துக் கட்டினார். ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்றவை கைவேலை. அந்தப் பெரிய பெட்டிக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’!

படமெல்லாம் கறுப்பு வெள்ளைதான். கலர் ஃபிலிம் சாதாரணமாகிவிட்ட பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை. பிடிவாதம் என்று தோன்றலாம். யானைத் தோலின் சுருக்கங்களை அவர் படத்தில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கேமராவுக்கு முன்பே தூரிகை வந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனிடம் படித்தார். அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி தேடிப் போனார். நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியரின் மனைவி.

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் மறையும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். காக்கை, அணில், பல்லி என்று வீட்டைச் சுற்றித் திரிந்தவையும் அதில் வந்தன. கூடவே அவரே வரைந்த படங்கள். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழிலும் எழுதியிருக்கிறார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் அந்தக் கட்டுரைகளைப் படிக்கலாம்.