அறுவை முடிந்தது; ஆறுமா காயம்?

புது தில்லி: ஏழைக் குடும்பத்தின் மருத்துவச் செலவை ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது. மருத்துவமனையில் இருக்கும்வரை நோயாளியின் உணவும் அதில் அடக்கம். வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கு மருந்து, பரிசோதனைச் செலவு கிடைக்கும். ஆனால், அறுத்துத் தைத்த இடத்தில் புதுத் திசு வளர்வது பெரும்பாலும் வீட்டில்தான். அங்கே நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

காயம் ஆறுவது ஒரு கட்டுமானப் பணி. ரத்தம் உறைந்து, வெள்ளை அணுக்கள் கிருமிகளை அகற்றிய பின், கொலாஜன் என்ற புரத இழைகளைக் கொண்டு உடல் பிளவை இணைக்கிறது. அதற்குப் புரதமே மூலப்பொருள். இழைகள் உறுதிப்பட வைட்டமின் சி-யும், புதிய செல்கள் பெருகத் துத்தநாகமும் தேவை.

அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன், 1939-இல் தம் உடலிலேயே இதைச் சோதித்தார். வைட்டமின் சி இல்லாத உணவை மட்டுமே ஆறு மாதம் உண்டார். மூன்றாம் மாதம் முதுகில் இட்ட வெட்டு ஆறியது. ஆறாம் மாதம் இட்ட வெட்டு ஆறவில்லை. வைட்டமின் சி செலுத்திய பிறகே அது கூடியது.

உடல்நலமுள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். படுக்கைப் புண் உள்ள, ஊட்டம் குறைந்த நோயாளிக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. அதாவது, 50 கிலோ எடையுள்ளவருக்கு 62 முதல் 75 கிராம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் 5 கிலோ அரிசியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 13 கிராம்தான் கிட்டும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 18.7 சதவீதம் பேரும், ஆண்களில் 16.2 சதவீதம் பேரும் உயரத்துக்கேற்ற எடையற்றவர்கள். இந்த நிலையில், சீழ் வைக்கும் என்று அஞ்சி முட்டை, மீன், பருப்பை விலக்கும் பத்தியம் இருப்பதையும் பறிக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தை முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு அந்த விலக்கு அவசியமற்றது.

உணவும் சிகிச்சையே என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. காசநோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கப்பட்டது, 2024 நவம்பரில் அது ரூ.1,000 ஆனது. தீக்காயம் பட்டவருக்கும், அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் கூலித் தொழிலாளிக்கும் அந்த நியாயம் பொருந்தாதா? பருப்பும் முட்டையும் கொய்யாவும் நெல்லிக்காயும் சில வாரம் கிடைத்தால், லட்சங்கள் செலவிட்ட சிகிச்சை வீணாகாது.