வீட்டுக்குள்ளே ஒரு "ஸ்டூடியோ"!
பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்யலாம்

பாட்டைப் பதிவு செய்யப் பெரிய கட்டிடம் வேண்டும். லட்சக் கணக்கில் பணம் வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

வேண்டியது இல்லை!

அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற இளம் பாடகி இருக்கிறார். அவரும் அவருடைய அண்ணன் பின்னியாசும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பெற்றோர் வீட்டில், அண்ணனின் சின்னப் படுக்கை அறையில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டுத் தொகுப்பு 2019-ல் வெளிவந்தது. 2020-ல், ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான "கிராமி" பரிசைப் பெற்றது!

நான்கே பொருள்கள்

கம்ப்யூட்டர், மைக், ஹெட்போன், ஒலிப்பதிவு மென்பொருள் ஆகிய நான்கும் போதும்.

"யு.எஸ்.பி." மைக் வாங்கினால், அதன் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாம். பாடுகிறவருக்கு ஒரு மைக், வீணைக்கு ஒரு மைக் என்று வைப்பதானால், இடையில் "ஆடியோ இன்டர்பேஸ்" என்ற சிறு பெட்டி தேவை. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். 2000-ம் ஆண்டில் வெளிவந்த "ஆடாசிட்டி" இன்றும் இலவசம்தான்.

குரல் எப்படிப் பதிகிறது? குரலின் அதிர்வை மைக் மின்சாரமாக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் அதை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, எண்களாகக் குறித்துக் கொள்கிறது. அந்த எண்களே மறுபடி குரலாகக் கேட்கின்றன!

அறைதான் முக்கியம்

குரல் வெறும் சுவரில் மோதித் திரும்பும். மைக் அந்த எதிரொலியையும் பிடித்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த மைக் ஆனாலும் இதே கதைதான்.

ஆகவே, கூடத்தை விடப் படுக்கை அறை நல்லது. மெத்தை, தலையணை, துணிமணி எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். பாடுகிறவருக்குப் பின்னால் கனத்த போர்வையைத் தொங்க விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சமையல் அறையில் குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பாருங்கள்!

ஒரு சாண் தூரம்

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். "ப" என்ற எழுத்தைச் சொல்லும்போது காற்று மைக்கில் மோதி, "டப்" என்று கேட்கும். நடுவில், வளையத்தில் கட்டிய மெல்லிய நைலான் துணியை வைத்தால் அது குறையும்.

ஒலி அளவைக் காட்டும் கோடு திரையில் ஓடும். அது சிவப்பைத் தொட்டால் குரல் கரகரக்கும். பிறகு சரி செய்வது கடினம். எனவே, உச்சத்தில் வரும் அடியை முதலில் பாடிப் பார்த்து, அளவைக் குறைத்து வையுங்கள்.

சுருதியை முதலில் தனியாகப் பதியுங்கள். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். ஒலிபெருக்கியில் கேட்டால், மைக் அதையும் பிடித்துவிடும்! பாட்டில் பிசகு வந்தால், குரலை மட்டும் மறுபடி பதியலாம்.

முதலில் யாரைப் பதிவது?

உங்கள் பாட்டியை!

தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி எல்லாம் ஏட்டில் எழுதி வைத்தவை அல்ல. எத்தனையோ பாட்டுகள் பாட்டிமாரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவருக்கு ஹெட்போன் மாட்ட வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போலப் பாடட்டும்.

1902-ல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கவுகர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்வார். நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் குரல் யாருடையது என்று தெரிகிறது. உங்கள் பாட்டியும் தம் பெயர், ஊர், பாட்டைக் கற்றுக் கொடுத்தவர் பெயர் மூன்றையும் சொல்லட்டும்.

பதிவை "வேவ்" முறையில் சேமியுங்கள். "எம்.பி.3" முறையில் இடம் மிச்சமாகும்; ஆனால் ஒலியில் கொஞ்சம் கழிந்து போகும். இரண்டு பிரதிகள் அவசியம். ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும்; மற்றொன்று வெளியே தனியாக இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். பாட்டியின் குரலை எங்கே வாங்குவது?