அசையும் படம் சிறு கோப்பில் அடங்குவது எவ்வாறு?

கல்யாண வீட்டில் எடுத்த வீடியோ ஒருவரிடம் தெளிவாக இருக்கிறது. அவரிடமிருந்து அதைப் பெற்ற உறவினரிடம் முகங்கள் மங்கித் தோன்றுகின்றன. ஒரு கணினியில் ஓடும் படம் வேறொன்றில் ஓட மறுக்கிறது. சில வேளைகளில் ஒலி மட்டும் கேட்கிறது, உருவம் வருவதில்லை. இவற்றைக் கண்டவர் கருவி பழுதுபட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆயின், பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை. அசையும் படம் எவ்வாறு எண்களாக எழுதப்படுகிறது, எவ்வாறு சுருக்கப்படுகிறது, எவ்வகைப் பெட்டியில் இடப்படுகிறது என்னும் மூன்றையும் அறிந்தவர்க்கு இப்புதிர்கள் எளிதில் விடுபடும்.

எண்முறைப் படம் என்பது புள்ளிகளின் தொகுதி. கோலத்துக்கு இட்ட புள்ளிகளைப் போல, நிரை நிரையாக அவை அமைந்துள்ளன. இன்று பரவலாக வழங்கும் உயர்தெளிவுப் படத்தில் நிரையொன்றுக்கு 1,920 புள்ளிகள் வீதம் 1,080 நிரைகள் உண்டு. மொத்தம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் வேண்டும். எண்ணொன்றுக்கு ஒரு பைற் என்று கொண்டால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைற் ஆகும். அசைவு தோன்ற வேண்டுமாயின் செக்கனுக்கு 25 படங்களேனும் காட்டுதல் வழக்கம். இக்கணக்கின்படி ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 560 கிகாபைற் இடம் தேவைப்படும். அதைச் சாதாரண டிவிடித் தட்டுகளில் எழுதினால் ஏறத்தாழ 120 தட்டுகள் நிரம்பிவிடும். ஆனால், இணையவழியே செக்கனுக்கு 50 இலட்சம் பிற் வீதம் வந்து சேரும் அதே ஒரு மணி நேரப் படமோ இரண்டேகால் கிகாபைற்றில் அடங்குகிறது. இருநூற்றைம்பதில் ஒரு பங்காக அதைக் குறைக்கும் வித்தையே சுருக்கம் எனப்படுவது.

சுருக்கம் இருவகைப்படும். சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது ஒருவகை. விரித்தால் ஓரிழையும் குறையாமல் பழைய சேலை வந்துவிடும். பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவது மற்றொரு வகை. இனிப்பு நிற்கும், நீர் ஆவியாகிப் போகும். பனங்கட்டியை மீண்டும் நீரில் கரைக்கலாம். ஆயினும் அது பழைய பதநீர் ஆகாது. கணினியில் எழுத்துகளையும் கணக்குகளையும் சுருக்குவது முதல்வகை. அன்றாடம் பார்க்கும் வீடியோக்கள் அனைத்தும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவற்றிலிருந்து நீக்கப்பட்டது நீக்கப்பட்டதே.

அவ்வாறாயின் எதை நீக்குவது? மனிதக் கண் எதைக் கவனியாதோ அதையே முதலில் நீக்குவர். கண்ணானது ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாக உணரும். நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாக உணராது. ஆதலால் ஒளியளவைப் புள்ளிதோறும் எழுதி, நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக எழுதுகின்றனர். இதனால் மட்டுமே சுமை பாதியாகிறது. பார்ப்பவர்க்கோ வேற்றுமை தெரிவதில்லை.

அடுத்தது ஒரே படத்தினுள் செய்யும் சிக்கனம். படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒளி மெதுவாக மாறுவது எவ்வளவு, விரைந்து மாறுவது எவ்வளவு என்று கணிக்கின்றனர். வானம், சுவர் போன்ற இடங்களில் மாற்றம் மெதுவானது. சில எண்களே அதற்குச் சாலும். நுண்ணிய மாற்றங்களைக் குறிக்கும் எண்களை இயன்றவரை முழுதாக்கியோ விடுத்தோ எழுதுவர். இக்கணித முறையை வகுத்தவர் பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நசீர் அகமது என்பார். இதனை ஆராய 1972ஆம் ஆண்டில் அவர் கேட்ட பணவுதவி மறுக்கப்பட்டது. மனந்தளராது நடராஜன், ராவ் என்னும் இருவருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1974இல் முடிவை வெளியிட்டார். பிற்காலத்தில் ஜேபெக் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் அடிப்படையாய் அமைந்தது அம்முறையே.

மூன்றாவது சிக்கனம் எல்லாவற்றிலும் பெரியது. செய்தி வாசிப்பவர் ஒருவர் திரையில் தோன்றுகிறார். அவருடைய உதடும் கண்ணிமையும் அசைகின்றன; பின்புறச் சுவர் அசைவதில்லை. செக்கனுக்கு 25 முறை அச்சுவரை எழுதுவது வீண். எனவே, முதலில் ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் முன்னைய படத்திலிருந்து எது மாறியது, எது எத்திசையில் நகர்ந்தது என்பதை மட்டும் குறிக்கின்றனர். இடையிடையே மீண்டும் ஒரு முழுப்படம் எழுதப்படும். தொடர்பு தடைப்படும்போது திரை சதுரம் சதுரமாகச் சிதைந்து, சிறிது நேரத்தில் திடீரெனத் தெளிவடைவது இதனாலேயே: நடுவில் தொலைந்த குறிப்புகளால் நேர்ந்த குழப்பத்தை அடுத்த முழுப்படம் வந்து தீர்த்து வைக்கிறது.

இச்சிக்கனம் எல்லாக் காட்சிக்கும் ஒருபடித்தாய்ப் பொருந்துவதில்லை. தாலி கட்டும் வேளையில் நாற்புறமிருந்தும் அட்சதை பொழிகிறது. ஒவ்வோர் அரிசியும் ஒவ்வொரு திசையிற் பறக்கிறது. மாறாத இடமென்று திரையில் எதுவுமே இல்லை. எழுதவேண்டிய மாற்றம் பெருகுகிறது; ஆனால் ஒதுக்கப்பட்ட இடமோ சிறிது. அப்போது சுருக்கும் கருவி நுணுக்கங்களைக் கைவிட, மணமக்களின் முகம் கட்டங்கட்டமாய்க் கலங்குகிறது. குடும்பத்தார் மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பும் கணமே மிகுதியாகச் சிதைவுறுவது இவ்வாறுதான்.

சுருக்கும் முறைகள் பல. எம்பெக் என்னும் நிபுணர் குழு 1988இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் முறை 1993இல் வெளியாகி, வீடியோ சீடித் தட்டுகளிற் பயன்பட்டது. இரண்டாம் முறை டிவிடிக்கும் எண்முறைத் தொலைக்காட்சிக்கும் உரியதாயிற்று. 2003இல் வந்த எச். 264 உலகெங்கும் பரவி, இன்றும் பெரும்பாலான கருவிகளில் ஓடுகிறது. 2013இல் வந்த எச். 265 அதே தெளிவை ஏறத்தாழப் பாதியளவில் தரவல்லது. 2018இல் உரிமக் கட்டணமின்றி வழங்கப்பட்ட ஏவி 1 என்பதும் இவ்வரிசையிற் சேர்ந்துள்ளது.

இங்குப் பலர் மயங்கும் ஓரிடம் உண்டு. எம்பி 4, ஏவிஐ, எம்கேவி என்பன சுருக்கும் முறைகளின் பெயர்கள் அல்ல. அவை பெட்டிகளின் பெயர்கள். படம், ஒலி, அடியெழுத்து ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, எது எப்போது ஒலிக்க வேண்டும், எது எப்போது தோன்ற வேண்டும் என்னும் குறிப்புடன் வைப்பதே பெட்டியின் தொழில். ஏவிஐ 1992இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அமைத்தது. எம்பி 4, அப்பிள் நிறுவனத்தின் குவிக்ரைம் பெட்டியை அடியொற்றியது. எம்கேவியின் முழுப்பெயரான மற்றொஸ்கா, ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் ருசிய மரப்பாவையின் பெயரைத் தழுவியது. கடித உறை ஒன்றாக இருப்பினும் உள்ளிருக்கும் கடிதம் தமிழிலும் இருக்கலாம், சிங்களத்திலும் இருக்கலாம். அவ்வாறே எம்பி 4 என்னும் ஒரே பெட்டியினுள் எச். 264உம் இருக்கலாம், எச். 265உம் இருக்கலாம். பின்னதை வாசிக்க அறியாத பழைய கருவி ஒலியை மட்டும் தந்து உருவத்தைக் கைவிடும். கோப்புப் பெயரின் ஈற்றெழுத்துகளை மாற்றுவதால் இக்குறை தீராது. உறைமேல் எழுதிய பெயரை மாற்றினால் கடிதத்தின் மொழி மாறுமா?

பெட்டியை மட்டும் மாற்றுதல் வேறு, மீண்டும் சுருக்குதல் வேறு. முன்னதில் இழப்பு இல்லை; அது விரைவில் முடியும். பின்னதில், ஏற்கெனவே குறைந்ததிலிருந்து இன்னும் குறைகிறது. செய்திச் செயலிகள் வழியே வீடியோவைச் சாதாரண முறையில் அனுப்பும்போது அவை பெரும்பாலும் அதனை மறுபடி சுருக்குகின்றன. நால்வர் கைமாறி வந்த படம் மங்குவதற்குக் காரணம் இதுவே. தெளிவு வேண்டுவோர் அதனை ஆவணக் கோப்பாக அனுப்புதல் நன்று.

பழைய ஒளிநாடாக்களை எண்முறைக்கு மாற்றுவோர் இதனை முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டும். நாடா ஆண்டுதோறும் நலிகிறது. மாற்றும் வாய்ப்பு மறுமுறை வாயாமற் போகலாம். இடம் மிச்சம் என்று முதற் பிரதியையே மிகச் சிறிதாக்கினால், இறந்துபோன பாட்டியின் முகம் என்றைக்கும் மங்கலாகவே நிற்கும். முதற் பிரதியைப் பெரிதாகவே எழுதி, வெவ்வேறிடங்களில் இரண்டாகப் பேணுதல் வேண்டும். பிறருக்கு அனுப்பச் சிறு பிரதி வேண்டுமாயின் அதிலிருந்து எத்தனையும் ஆக்கிக்கொள்ளலாம். பெரிதைச் சிறிதாக்குவது எப்போதும் இயலும். சிறிதாக்கியதிலிருந்து இழந்ததை மீட்பது எவர்க்கும் இயலாது.