நாளிதழ்ப் படத்தொடரும் எச்சமும்

நாளிதழில் வரும் படத்தொடர்கதை பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு உரிய பொருளோ என வினவுவார் உளர். இன்று அச்சேறி நாளை வேர்க்கடலைப் பொட்டலமாகும் ஒன்றினை இலக்கியத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது என்பது அவர்தம் கருத்து. எனினும், ஒரு கதையை நாட்கணக்கில் தொடர்ந்து செல்லும் பழக்கத்தை எம் தலைமுறையினர் பலர் முதற்கண் பெற்றது காப்பியத்தினின்று அன்று. காலை இதழின் இரண்டு மூன்று கட்டங்களினின்றே ஆகும். அக்கட்டங்கள் படிப்போர் உள்ளத்தில் எங்ஙனம் தொழிற்பட்டன என்பதனை, எம் இளமை நுகர்ச்சியையே சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் நாளிதழ்ப் படத்தொடர்களுள் நெடுவாழ்வு பெற்றது 'கன்னித்தீவு'. சி. பா. ஆதித்தனார் 1942-இல் நிறுவிய 'தினத்தந்தி'யில் இது 1960-இல் தொடங்கியது. தலைமகன் சிந்துபாத்தின் பெயர் அராபிய இரவுக் கதைகளினின்று வந்தது. கதைப்போக்கோ, கதைக்குள் கதை கிளைக்கும் நம் விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை ஆகியவற்றின் வழிப்பட்டது. மந்திரவாதி மூசாவால் உருச்சிறுத்துப்போன லைலாவை மீண்டும் பழைய உருவம் பெறச் செய்யச் சிந்துபாத் அலைதல் என்னும் ஒரே சரட்டில், எண்ணிறந்த கிளைக்கதைகள் கோக்கப்பெற்றன. முடியாத வழக்கினையும் முடியாத திருமணப் பேச்சினையும் 'கன்னித்தீவு போல' என மக்கள் கூறுவர். உலக வழக்கில் உவமையாகவே நிலைபெற்றுவிட்ட இப்பேறு, அண்மைக்காலக் கதைகளுள் வேறெதற்கு வாய்த்தது?

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்தும். இப்பாகுபாடு படத்தொடர்க்கும் ஒருவாறு பொருந்தும். அமெரிக்கரான சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை வரைந்த 'பீனட்ஸ்' பெரும்பான்மையும் முத்தகம். அன்றன்றைய பகுதி அன்றே பொருள் முடியும். லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய 'ஃபாண்டம்', நம் கன்னித்தீவைப் போலத் தொடர்நிலை. ஆயினும் காப்பியத் தொடர்நிலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காப்பியத்தில் அடுத்த படலம் கையிலுள்ள ஏட்டிலேயே இருக்கும். இங்கோ, ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் இடையே ஓர் இரவு கிடக்கும். அவ்விரவில் நிகழ்வதே எம் ஆராய்ச்சிப் பொருள்.

1980-களின் இறுதியில் கொரட்டூர் தொடர்வண்டி நிலையத்தருகே ஒரு தேநீர்க்கடை இருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளர் காலையில் அங்குக் கூடுவர். ஒரே இதழ் தாள்தாளாகப் பிரிந்து ஐந்தாறு பேர் கைகளில் இருக்கும். கன்னித்தீவுத் தாள் எவர் கையில் உளதோ, அவர் தோளுக்குப் பின்னே போய் நிற்போம். எம் இல்லத்தில் அந்நாளில் இதழ் வாங்கியதில்லை. ஆதலின் கண்டதனை மனத்தில் ஏற்றிக்கொண்டு, வாங்கிய பாலுடன் விரைந்து வந்து, எழுத்தறியாத எம் பாட்டியார்க்கு உரைத்தல் வேண்டும். அவரை ஆயா என்றே அழைப்போம். "லைலா இன்னும் பெருசாகலியா?" என்பதே அவர் நாள்தோறும் முதற்கண் கேட்கும் வினா. அடுத்து, முன்னாட் கதையை அவரே ஒருமுறை சொல்லிக் காட்டுவார். எம் கூற்று அதனோடு முரணுமேல் விடமாட்டார். "நேத்து கத்தி கையில இருந்துச்சே, இன்னிக்கு எங்க போச்சு?" எனத் தடுப்பார். அச்சில் வந்த கதை இவ்வாறு எம் வீட்டுத் திண்ணையில் வாய்மொழிக் கதையாகியது.

ஒருமுறை காய்ச்சலால் மூன்று நாள் கடைக்குச் செல்ல இயலவில்லை. சிந்துபாத் குகையொன்றில் அடைபட்டிருந்த நேரம் அது. ஆயா பொறுத்திலர். எம் படுக்கையருகே அமர்ந்து, அம்மூன்று நாட்கதையையும் தாமே படைத்துக் கூறினார்: குகைக்குள் நீர் கசிந்தது, நீர் வந்த வழியே ஒளி தெரிந்தது, லைலா சிறியவளாதலின் அவ்வழி நுழைந்து வெளிச்சென்று உதவி கொணர்ந்தாள். நான்காம் நாள் கடையில் கண்டபோது சிந்துபாத் வெளியே நின்றான். எவ்வாறு வந்தான் என்பது எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுறுப்பு முப்பத்து நான்கனுள் எச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது சொல்லானும் குறிப்பானும் முடிவு கொள்ளும் என்பர். கூறாது விடப்பட்டதும் செய்யுளின் உறுப்பே என்னும் இக்கொள்கை எண்ணி மகிழ்தற்குரியது. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடைப்பட்ட வெள்ளிடத்தையும், நாளுக்கும் நாளுக்கும் இடைப்பட்ட இரவையும் படத்தொடரின் எச்சம் எனக் கொள்ளுதல் இழுக்காகாது. வேறுபாடு ஒன்றே: செய்யுளில் எச்சத்தைப் புலவன் கருதி அமைப்பான், இதழில் அதனை அமைப்பது விடியல். இக்காலத்து முன்னைய பகுதிகளைத் தொகுத்து ஒருங்கு படிப்பார், கதையைப் பெறுவர்; அவ்வெச்சத்தைப் பெறார்.

பின்னர் இல்லத்தில் இதழ் வாங்கத் தொடங்கியதும், கட்டங்களைக் கத்தரித்துப் பழைய கணக்கு நோட்டொன்றில் சோற்றுப்பருக்கையால் ஒட்டி வந்தோம். 2015 திசம்பரில் கொரட்டூரில் வெள்ளம் புகுந்தபோது அந்நோட்டு அடித்தட்டில் இருந்தது. நீர் வடிந்தபின் தாள்களைப் பிரிக்கக்கூட இயலவில்லை. ஒட்டியிருந்த பகுதிகளுள் ஒன்றேனும் இன்று வரிசையாக நினைவில் இல்லை. அச்சேறாத அம்மூன்று நாட்கதை மட்டும் முழுவதும் நினைவில் உள்ளது.