கடலுக்குக் காவல் நிற்கும் சிப்பி

சமுத்திரம் மிகப் பெரியது. அதில் எதைக் கொட்டினாலும் கரைந்து காணாமற் போய்விடும் என்பது மனித ஜாதி வெகுகாலமாகக் கொண்டிருந்த நம்பிக்கை. ஆற்றிலே சாக்கடையைக் கலக்கும்போதும், தொழிற்சாலைக் கழிவுக்குக் கடலோரம் குழாய் வைக்கும்போதும் நம் மனச்சாட்சியைத் தூங்கவைத்தது இந்த நம்பிக்கைதான். அது தவறென்று நமக்குப் போதித்த ஆசிரியர்களுள் ஒன்று, பாறையைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கும் அற்பப் பிராணியாகிய சிப்பி என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

1939-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரஸாயன நிபுணர் பால் மியூலர், டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் சக்தி உண்டென்று கண்டார். யுத்த காலத்தில் அம்மருந்து எண்ணற்றவர்களை டைபஸ் ஜுரத்திலிருந்தும் மலேரியாவிலிருந்தும் காத்தது. 1948-ல் மியூலருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அந்தப் பெருமையை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. எளிதில் சிதைவதில்லை என்பது ஒன்று. நீரில் கரையாமல் கொழுப்பில் கரையும் என்பது மற்றொன்று. வயலில் தெளித்தது மழையோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் போகிறது. அங்கே நுண்ணுயிர்களின் உடலில் ஏறி, அவற்றைத் தின்னும் மீனிலும், மீனைத் தின்னும் பறவையிலும் படிப்படியாகச் சேர்கிறது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள அனகாபா என்னும் தீவில், 1970-ஆம் ஆண்டு கூழைக்கடாக்கள் கட்டிய நூற்றுக்கணக்கான கூடுகளில் பொரித்தது ஒரே ஒரு குஞ்சுதான். முட்டையின் ஓடு அவ்வளவு மெலிந்து, அடைகாக்க அமர்ந்த தாயின் பாரம் தாங்காமல் நொறுங்கிப் போயிற்று! 1972-ல் அமெரிக்க சர்க்கார் டி.டி.டி.யின் உபயோகத்தைப் பெரும்பாலும் தடை செய்தனர்.

தடை செய்தாயிற்று, கடலிலுள்ள விஷம் குறைகிறதா என்று அறிவது எப்படி? இதை நாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணாக்கன் எழுந்து, “ஸார், கடல் தண்ணீரையே எடுத்துச் சோதித்தால் போதாதா? பாவம், சிப்பியை ஏன் கொல்ல வேண்டும்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் தண்ணீரில் இந்த விஷங்கள் இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம்; அதுவும் அலைக்கு அலை, வேளைக்கு வேளை மாறும். காலையில் எடுத்த நீர் மாலையில் நடந்ததைச் சொல்லாது. சிப்பியோ ஓயாமல் நீரை உள்ளிழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய உணவைத் தின்று ஜீவிப்பது. அந்த உணவோடு வரும் விஷத்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி அதற்குக் குறைவு. ஆகவே தண்ணீரில் உள்ளதைப்போல் பல ஆயிரம் மடங்கு அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. மீனைப்போல் அது ஊர் விட்டு ஊர் போவதுமில்லை. எந்தப் பாறையில் எடுத்தோமோ, அந்தப் பாறையின் பல மாதத்து வரலாறு அதன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த யோசனையை உலகம் முழுவதற்கும் உரிய ஒரு திட்டமாக 1975-ல் வெளியிட்டவர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திர ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பெர்க். ‘சிப்பிக் காவல்’ என்று அதற்குப் பெயர். 1986 முதல் அமெரிக்காவின் சமுத்திர, வாயுமண்டல இலாகாவினர் அதைத் தேசத் திட்டமாகவே தொடங்கி, சுமார் 300 இடங்கள் வரையில் விரிவாக்கினார்கள். வடகிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் கல்லில் ஒட்டும் சிப்பிகள், தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவில் ஆளிகள், உள்நாட்டுப் பேரேரிகளில் வரிச்சிப்பிகள் என்று அந்தந்த இடத்தில் கிடைப்பதைச் சேகரித்தனர். முட்டையிடும் பருவத்தில் கொழுப்போடு விஷமும் வெளியேறிக் கணக்குத் தவறுமாதலால், பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் சேகரிப்பு.

சிப்பிகள் சொன்ன சாட்சியம் என்ன? பெரிய பட்டணங்களையும் துறைமுகங்களையும் அடுத்த கரைகளில் விஷம் அதிகம். தடை செய்த டி.டி.டி. ஆண்டுதோறும் மெல்லக் குறைந்து வந்தது. ஆனால் பல பத்தாண்டுகள் கழிந்தும் முற்றிலும் மறையவில்லை. அதற்குள் புதிய விருந்தாளியும் வந்தது. மெத்தைகளும் மின்சாரக் கருவிகளும் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கும் புரோமின் ரஸாயனங்கள் அமெரிக்கக் கரைநீர் முழுவதிலும் பரவியிருப்பதை, இந்தச் சிப்பிகளைக் கொண்டே 2009-ல் அந்த இலாகா வெளியிட்டது.

சில சமயம் சாட்சியே பலியாவதும் உண்டு. பிரான்ஸிலுள்ள ஆர்க்காஷோன் விரிகுடாவில், படகின் அடியில் பாசி பிடிக்காதிருக்கப் பூசிய வெள்ளீயக் கலவைச் சாயத்தால் ஆளிகளின் குஞ்சுகள் அழிந்தன. வளர்ந்தவற்றின் ஓடுகள் விகாரமாகத் தடித்தன. ஆளி வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் தத்தளித்தன. 1982-ல் பிரெஞ்சு சர்க்கார் சிறு படகுகளுக்கு அச்சாயத்தைத் தடுத்த பிறகே விரிகுடா தேறலாயிற்று.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. தென்னிந்தியக் கரையின் பச்சைச் சிப்பிகளை நம் நாட்டு விஞ்ஞானிகளும் ஜப்பானின் எஹிமே சர்வகலாசாலையாரும் சேர்ந்து சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டனர். நம் வயல்களில் தெளித்த டி.டி.டி.யும் பி.எச்.ஸி.யும் அவற்றிலே இருந்தன. பி.எச்.ஸி. நம் நாட்டில் 1997-ல் தடைப்பட்டது. அழியாத இவ்வகை விஷங்களை ஒடுக்க 2001-ல் ஸ்டாக்ஹோமில் செய்த உடன்படிக்கையை 2006-ல் பாரதமும் ஏற்றுக்கொண்டது.

உடன்படிக்கையில் கையொப்பமிடுவது ஒரு நாள் வேலை. அது பலிக்கிறதா என்று பார்ப்பது தலைமுறை வேலை. சிப்பி நம் கடற்கரை ஏழைகளின் உணவு. அவர்கள் அடுப்பில் ஏறுவது இன்னதென்று ஆண்டு தவறாமல் சோதித்து, முடிவை மறைக்காமல் ஊரறியச் சொல்வது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது ஜனங்களாகிய நம் கடமை. மறுநாள் அந்த மாணாக்கன் நம்மிடம் வந்து, “நம்ம ஊர்க் கடலிலே யார், ஸார், பார்க்கிறார்கள்?” என்றான். அவன் கேட்ட கேள்வியை நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.