பழைய காரும் டிரெய்லர் கொக்கியும்

நெசவாளர் சங்கமாயினும் விளைவோர் சங்கமாயினும், கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்குமானால், அதன் பின்னே சிறு டிரெய்லர் ஒன்றை மாட்டிச் சரக்கு ஏற்றிவரலாமே என்ற யோசனை நிர்வாகக் குழுவில் என்றேனும் ஒருநாள் எழாமல் இராது. யோசனை தவறானதன்று. ஆயினும் அது தீர்மானமாகிப் பட்டறைக்குப் போகும்போது, பேச்செல்லாம் டிரெய்லரைப் பற்றியதாகவே இருக்கிறது. அதைக் காரோடு பிணைக்கும் கொக்கியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. டிரெய்லருக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்கிக் கோப்பில் வைத்த ஒரு சங்கம், கொக்கிக்குப் ‘பட்டறைச் செலவு’ என்று ஒரே வரியில் கணக்கெழுதியிருந்ததைத் தணிக்கையின்போது கண்டிருக்கிறேன். சாலையில் பின்னே வருவோரின் உயிர் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

நம் பக்கத்தில் பழைய கார் என்றால் பெரும்பாலும் அம்பாசிடரே. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. பின்புறம் பட்டை ஸ்பிரிங்குகள் கொண்டது. பாரத்துக்கு அஞ்சாதது என்று பெயரெடுத்தது. இந்தப் பெயரை நம்பியே பலரும் ஏமாறுகிறார்கள். ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் ஏணிபோல் அமைந்த தனி எஃகுச் சட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப் கால் டன் டிரெய்லரை இழுத்துச் சென்றதும் அச்சட்டத்தின் பின்குறுக்கில் கொக்கி பூட்டியிருந்ததனால்தான். அம்பாசிடருக்கு அத்தகைய தனிச்சட்டம் கிடையாது. தகடுகளை மடித்துப் பெட்டிபோல் ஒட்டவைத்த உடலே அதற்குச் சட்டம். ஆகவே கொக்கியை எங்கே பூட்டுவது என்பதே முதற்கேள்வி. எந்தக் கொக்கி என்பது அடுத்த கேள்வி.

பம்பரில் பூட்டலாகாது. பம்பர் இடி தாங்குவதற்கு ஏற்பட்டது, இழுவையைத் தாங்குவதற்கன்று. பின்பெட்டியின் தரைத்தகட்டில் மட்டும் துளையிட்டுப் பூட்டுவதும் கூடாது. சில மாதங்களில் துளையைச் சுற்றித் தகடு கிழியத் தொடங்கும். காரின் அடியில் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டிக் குறுக்குவெட்டுள்ள தாங்கிகளே கொக்கிக்கு உரிய இடம். இரு தாங்கிகளையும் தழுவி முன்னோக்கி நீளும் இரண்டு பக்கச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டமும் செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று இடங்களிலாவது போல்ட் பூட்டவேண்டும். தாங்கி உள்ளே வெற்றிடமானதால், போல்ட்டை இறுக்கும்போது அது நசுங்கும். நசுங்காதிருக்க உள்ளே ஓர் இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி, அதனூடே போல்ட்டைச் செலுத்துவது நல்ல பட்டறைக்காரர் அறிந்த முறை. தகட்டின் மறுபுறத்தில் சிறு வாஷருக்குப் பதிலாக உள்ளங்கையகலத் தகடு வைத்தால் பாரம் பரவும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். சந்தையில் கிலோக்கணக்கில் விற்கும் சாதாரண போல்ட் இதற்கு ஆகாது.

இவ்வளவுக்கும் முன்னால் துருவைப் பார்க்கவேண்டும். வண்டியை உயர்த்தி, சேறும் பழைய தார்ப்பூச்சும் சுரண்டி, தாங்கியை நெடுகச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தாலோ, திருப்புளியின் முனை உள்ளே இறங்கினாலோ அந்தக் காருக்கு டிரெய்லர் வேண்டாம். வாடகைக்குச் சிறு சரக்கு வண்டி பேசிக்கொள்வதே இலாபம். துருவின்மேல் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்று சொல்லும் பட்டறையை விட்டு அகல்வது நலம். பின்புறம் வெல்டிங் செய்வதில் இன்னோர் அபாயமும் உண்டு. பெட்ரோல் தொட்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வெல்டிங் தவிர்க்கமுடியாததாயின், தொட்டியைக் கழற்றி வெளியே வைத்து, பாட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டே தொடங்கவேண்டும்.

இனி பாரக்கணக்கு. பத்து ராத்தல் கொண்ட நூல்கட்டு 4.54 கிலோ, நாற்பது கட்டுகள் சேர்ந்த ஒரு பேல் ஏறத்தாழ 181 கிலோ. இரண்டு பேல்கள் 363 கிலோ. வெற்று டிரெய்லர் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 513 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவுக்கும், இழுக்கும் காரின் எடையில் பாதிக்கும் மிகலாகாது என்பது பிரிட்டனில் உள்ள விதி. நமக்கும் அது நல்ல அளவுகோலே. அம்பாசிடரின் எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, இரண்டு பேலோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்றாவது பேலை ஏற்றலாமா என்று கேட்பவருக்கு விடை இதிலேயே இருக்கிறது.

மொத்த பாரத்தைப் போலவே அது கொக்கியின்மேல் எவ்வளவு அமர்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். டிரெய்லரிலும் அப்படியே. பின்பாரம் மிகுந்த டிரெய்லர், வேகம் ஏற ஏறப் பாம்புபோல் நெளியத் தொடங்கிக் காரையும் தன்னோடு ஆட்டும். மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு கொக்கியில் அமர்வதைப் பிரிட்டனில் நல்லதென்கிறார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 வரை சொல்கிறார்கள். சங்கத்துத் தராசே இதை நிறுக்கப் போதும். டிரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, அதன் மூக்கின்கீழ் கொக்கியின் உயரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, கட்டையைத் தராசின்மேல் வைத்தால் எடை தெரிந்துவிடும். எடை குறைந்தால் பேலை முன்னே தள்ளவேண்டும்.

மிகையாகவும் அமரலாகாது. பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னே உள்ள கொக்கியில் 50 கிலோ அமர்வதாகக் கொள்வோம். அம்பாசிடரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.46 மீட்டர் தூரம். அந்த 50 கிலோ பின்சக்கரங்களில் ஏறத்தாழ 74 கிலோவாக இறங்கி, முன்சக்கரங்களிலிருந்து 24 கிலோவைத் தூக்கிவிடுகிறது. திசைதிருப்பும் சக்கரங்கள் தரையைப் பற்றும் பிடி அந்த அளவுக்குக் குறைகிறது.

இது நிற்க. கொக்கியின் உருண்டையில் மூன்று அளவுகள் வழங்குகின்றன: 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம், ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம் கூடியது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. இரண்டங்குலக் கிண்ணத்தைச் சிறிய உருண்டையில் கவிழ்த்தால் பள்ளத்தில் விழும்போது கழன்றுகொள்ளும். உருண்டையின்மேலும் கிண்ணத்தின்மேலும் பொறித்த அளவு ஒன்றாக இருப்பதைப் பார்த்தே வாங்கவேண்டும். உள்ளூர்க் கடைசல் பட்டறையில் சாதாரண இரும்பில் உருண்டை கடைந்து தருவார்கள். விலை குறைவுதான், ஆனால் அது எவ்வளவு தாங்கும் என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள். சரக்கேற்றிய நிலையில் உருண்டையின் மையம் தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டர் உயரத்தில் அமைவது ஐரோப்பிய அளவு.

கொக்கியைத் தவிர இரண்டு சங்கிலிகளும் வேண்டும். அவற்றை மூக்கின்கீழ் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியின்மேல் படியும். சங்கிலியை உருண்டையிலேயே சுற்றிவிடுகிற வழக்கம் பயனற்றது. பின்விளக்குகளுக்குத் தனி ஒயரும் தனி பியூஸும் வைக்கவேண்டும். இரண்டு 21 வாட் பிரேக் விளக்குகள் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பழைய ஒயரில் அதைச் சுமத்தலாகாது. எர்த் இணைப்பையும் உருண்டையை நம்பி விடாமல் தனி ஒயரில் கொடுக்கவேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் பதிவுசெய்ய வேண்டிய வாகனமாகவே கொள்கிறது. வண்டியை மாற்றியமைப்பதற்கும் அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் சேர்ப்பது அவசியம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கவேண்டும்.

ஓட்டுபவர், நிற்கும் தூரம் நீண்டுவிட்டதை மறக்கலாகாது. இறக்கத்தில் கீழ்க் கியரிலேயே வரவேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் இல்லாத டிரெய்லரோடு இறங்குவதை நான் எந்தச் சங்கத்துக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பின்னோக்கி ஓட்டுவதை வெறும் டிரெய்லரோடு திடலில் பழகிக்கொள்வது நல்லது. முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கி, இறுக்கிய தேதியை ஓட்டப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.