ஃபாங் மக்களின் முகமூடிகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையை ஒட்டி, நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் நாடு காபோன். அதன் வடபகுதியிலும், அதனை அடுத்துள்ள எக்குவட்டோரியல் கினியிலும், கமரூனின் தென்பகுதியிலும் அடர்ந்த மழைக்காடுகள் செறிந்துள்ளன. அந்நிலப்பரப்பில் வாழ்பவர் ஃபாங் என்னும் இனத்தார். ஐரோப்பியர் வரைந்த எல்லைக்கோடுகள் அவர்களை மூன்று நாட்டினராகப் பிரித்தன. எனினும் மொழியாலும் வழக்கத்தாலும் அவர்கள் ஓரினத்தவரே. ‘எம்வெட்’ என்னும் நரம்புக் கருவியை மீட்டி, வீரர்தம் கதைகளை இரவு நெடுகப் பாடும் பாணர் அவர்களிடையே உண்டு. இசையில் வல்ல அம்மக்கள் மரம் செதுக்குவதிலும் வல்லவராய் விளங்கினர்.

அவர்கள் செதுக்கிய முகமூடிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘இங்கில்’ என்பது. மாணவர்களே, முழங்கை அளவு நீண்ட ஒரு முகத்தை மனக்கண்ணில் அமைத்துப் பாருங்கள். மேலே அகன்று உருண்ட நெற்றி. புருவ வளைவுகளினின்றும் கீழே இறங்கும் மெல்லிய நீண்ட மூக்கு. அதன் இருமருங்கும் குழிந்த கன்னங்கள். கண்கள் இருக்குமிடத்தில் சிறு துளைகள். மோவாயை ஒட்டி இருக்கிறதோ இல்லையோ என்னுமாறு ஒரு சிறு வாய். முகம் முழுவதும் வெண்களிமண் பூச்சு. இதில் சினக்குறியும் இல்லை, நகைக்குறியும் இல்லை. ஆயினும் காண்பவர் நெஞ்சம் நடுங்கும். கோரைப்பல்லும் உருட்டிய விழியும் இன்றியே அச்சத்தை விளைவித்த அச்சிற்பியரின் திறத்தை என்னென்பது!

வெண்மை நிறத்தை அவர்கள் அழகுக்காகப் பூசினாரல்லர். ஃபாங் மக்களுக்கு வெண்மை இறந்தோரின் நிறம், ஆவியுலகின் நிறம். ஆதலின் அம்முகத்தை அணிந்து வருபவன், ஊரார் கண்ணுக்குத் தம்முள் ஒருவனாகத் தோன்றான். மறுவுலகினின்றும் வந்த ஆற்றலாகவே தோன்றுவான். ‘முகமூடி’ என்னும் நம் சொல் முகத்தை மூடுவது என்ற பொருளையே தருகிறது. ஃபாங் மக்களோ, மறைப்பதைக் காட்டிலும் காணாத ஒன்றைக் காணச் செய்வதையே அதன் தொழிலாகக் கருதினர். எனவே அச்சொல் இங்கு முற்றும் பொருந்துவதன்று. வேறு நற்சொல் வாய்க்காமையால் அதனையே ஆள்கின்றோம்.

இங்கில் என்பது முகமூடியின் பெயர் மட்டுமன்று. அதனை உடைமையாகக் கொண்ட ஆடவர் கழகத்தின் பெயருமாம். கடுமையான சோதனைகளில் தேறியவரே அக்கழகத்தில் சேர்க்கப்பெற்றனர். ஃபாங் மக்களுக்கு முடியுடை வேந்தர் இலர். ஊர்தோறும் குடித்தலைவர் இருந்தனர். அவர்க்கு மேல் ஆணை செலுத்துவார் ஒருவரும் இல்லை. அத்தகைய சமுதாயத்தில் ஊருக்கும் ஊருக்கும் வழக்கு நேர்ந்தால் தீர்ப்பவர் யாவர்? மறைவாகத் தீங்கு சூழ்வோரைக் கண்டறிந்து ஒறுப்பவர் யாவர்? அப்பணியை இங்கில் கழகம் மேற்கொண்டது. இரவில், தீப்பந்தங்களின் ஒளியில், நாரால் ஆகிய உடையுடன் அவ்வெண்முகம் ஊருக்குள் புகும். குற்றமுடையோர் மட்டுமன்றிக் குற்றமற்றோரும் அஞ்சியிருப்பர் என்பதில் ஐயமில்லை. சூனியம் செய்தான் என்ற ஐயமே ஒருவனுக்குக் கேடாய் முடிதலும் கூடும். ஆதலின் அதனை வெறும் அறமன்றம் என்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. வெறும் கொடுமை என்று இகழ்தலும் பொருந்தாது. பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியினர், 1910-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அக்கழகத்தை அடக்கி ஒழித்தனர். தம் ஆட்சியன்றி வேறொரு நீதி காட்டினுள் நடப்பதை அவர்கள் பொறாராயினர்.

இங்கில் மறைந்தபின் ‘இங்கொன்தாங்’ என்னும் மற்றொரு வகை பரவிற்று. வெள்ளை நங்கையின் முகம் என்பது அப்பெயரின் கருத்து. தலைக்கவசம் போல் கவிழ்த்துக் கொள்ளும் இதில் இரண்டோ நான்கோ முகங்கள் சுற்றிலும் அமைந்திருக்கும். கடல் கடந்து வந்த வெண்ணிறத்தாரை ஆவியுலகத்தாரோடு இணைத்து எண்ணிய அக்கால மக்களின் மனநிலை இதனால் புலனாகின்றது.

முன்னோரை வழிபடுதற்கு அவர்கள் முகமூடியைக் கொள்ளவில்லை. ‘பியேரி’ என்னும் மரப்பாவையைக் கொண்டனர். முன்னோரின் மண்டையோடுகளை மரப்பட்டைப் பேழையுள் வைத்து, அதன்மேல் இப்பாவையைக் காவலாக நிறுத்துவர். செம்பனை எண்ணெயைப் பலகாலும் பூசுவதால் அது கருத்து மின்னும். அருங்காட்சியகத்தில் வைத்து நூறாண்டு கழிந்த பின்னும் சில பாவைகளில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கின்றது என்பது வியப்பன்றோ!

இம்முகங்கள் ஐரோப்பாவை அடைந்த கதை தனியே கூறத்தக்கது. விலாமிங்க் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1906-ஆம் ஆண்டையொட்டி ஃபாங் முகமூடி ஒன்றைப் பெற்றார். அவருடைய நண்பர் தெரேன் அதனை விலைக்கு வாங்கித் தம் ஓவியக்கூடத்தில் மாட்டினார். பிக்காசோவும் மத்தீசும் அங்கே அதனைக் கண்டு மனங்கலங்கினர் என்று விலாமிங்க் பிற்காலத்தே எழுதினார். கண்ணுக்குத் தோன்றுவதைத் தோன்றியவாறே வரைதல் வேண்டும் என்னும் பழைய நெறியை விட்டு விலக முயன்றுகொண்டிருந்த அவ்விளைஞர்க்கு, உள்ளத்தில் தோன்றுவதைச் செதுக்கிய காட்டுச் சிற்பியின் துணிவு வழிகாட்டியது. அச்சிற்பியின் பெயரோ எவ்வேட்டிலும் இல்லை.

பின்னர் அவற்றின் விலை ஏறிற்று. 2006-இல் பாரிசு நகரத்து ஏலத்தில் இங்கில் முகமூடி ஒன்று ஐம்பது இலட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட விலைக்குப் போயிற்று. 2021-இல் பிரான்சு நாட்டு முதிய தம்பதியர் இருவர், தம் இல்லத்துப் பழம்பொருள்களை ஒழிக்கையில், ஒரு முகமூடியைப் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு 150 யூரோவுக்கு விற்றனர். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் மோன்பெலியே நகரில் அஃது ஏலத்துக்கு வந்தது. 42 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. ஏலக்கூடத்தில் இருந்த காபோன் நாட்டார் சிலர் எழுந்து, அப்பொருள் தம் மண்ணுக்கே திரும்புதல் வேண்டும் என்று குரல் எழுப்பினர். ஏமாற்றப்பட்டோம் என்று தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். காபோன் அரசும் தன் உரிமையை எடுத்துரைத்தது. 2023 டிசம்பரில் அலேசு நகர மன்றம் இரு கோரிக்கைகளையும் தள்ளிற்று. பொருளின் மதிப்பை ஆராயாது விற்றது தம்பதியரின் கவனக்குறைவே என்பது மன்றத்தின் கருத்து.

அம்முகமூடி அவ்வில்லத்துக்கு வந்தது அக்குடும்பத்து முன்னோர் ஒருவரால். அவர் குடியேற்ற ஆட்சியில் ஆளுநராய் இருந்தவர். 1917-ஆம் ஆண்டளவில், இங்கில் கழகம் ஒடுக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அதனைக் கைக்கொண்டார். அதனை அவரிடம் கொடுத்தவர் யாவர், விரும்பிக் கொடுத்தனரா என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் காட்டப்படவில்லை.